ராகு காலத்தில் போன ஈ-மெயில்

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தேன். மந்தைவெளியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பயிற்சி மையத்துக்குப் பன்னிரண்டு நாள் போயிருந்தேன். அந்தப் பன்னிரண்டில் கம்ப்யூட்டரைத் தொட்டது நான்கு நாள். மீதி நாளெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில் தாவணி இல்லாத தோளைக் கையால் போர்த்திக்கொண்டு, உறை போட்டு மூடிய ஆறு கம்ப்யூட்டர்களைப் பார்த்தபடி நோட்டில் எழுதினோம். மௌஸைப் பிடிப்பது எப்படி என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

தொட்ட நாளிலும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை மரம் வரைந்தேன். மௌஸை நகர்த்திக்கொண்டே போனால் அம்பு பாதித் திரைக்கு வருவதற்குள் மேசை முடிந்துவிடும். அதைக் கையில் தூக்கி மறுபடி வைக்கலாம் என்று அந்த ஒன்றரைப் பக்கத்தில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. இன்டர்நெட் பாடத்தன்று சார் பலகையில் ஒரு மேகம் வரைந்தார். மேகத்திலிருந்து நாலைந்து கோடு இழுத்துச் சின்னச் சின்னப் பெட்டிகளோடு சேர்த்தார். "இதான் இன்டர்நெட், எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டோம். வீட்டில் வந்து நான் சொன்னது வேறு. அமெரிக்காவில் இருக்கிறவர்களோடு தினமும் பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்பதுபோல் ஒரு தோரணையில் திரிந்தேன்.

அந்தத் தோரணைக்கு வினை வந்தது என் அத்தையின் கல்யாணப் பேச்சில்.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை ஆபீசில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். வயது இருபத்தெட்டு ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அசோக் நகரிலிருந்து ஒரு ஜாதகம் வந்து அமோகமாகப் பொருந்திவிட்டது. பையன் அமெரிக்காவில் இருந்தான். கல்யாணமானால் அத்தை வேலையை விட்டுவிட்டு அங்கே போக வேண்டும் என்பது பேச்சே இல்லாமல் முடிவான விஷயம். பையனின் அப்பா போனில் ஒன்றே ஒன்று கேட்டார். "பொண்ணை அவனுக்கு ஒரு ஈ-மெயில் போடச் சொல்லுங்கோ. அதுக்கப்பறம் நிச்சயத்துக்கு நாள் பாத்துடலாம்."

வீடே என்னைப் பார்த்தது. அபிராமபுரத்திலிருந்து பெரியப்பா உடனே வரவழைக்கப்பட்டார். அவர் சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனுக்கு வாழ்த்து எழுதினாலும் 'பார்வையில் கண்ட பொருள் குறித்து' என்றுதான் ஆரம்பிப்பார். அத்தை எழுத வேண்டிய கடிதத்தை அவரே இங்கிலீஷில் எழுதிவிட்டார். மொத்தம் ஒன்பது வரி. குலம், கோத்திரம், படிப்பு, சங்கீதத்தில் வர்ணம் வரை பயிற்சி, தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கும் தங்கள் பணிவுள்ள, அவ்வளவுதான். அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டு, "நன்னா இருக்கு அண்ணா" என்றாள். அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு லஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். முன்னால் பெரியப்பா, பின்னால் அப்பா, அத்தை, நடுவில் நான். பெண் பார்க்க வருகிற கோஷ்டியைப்போல் உள்ளே நுழைந்தோம். சென்டர்காரர் எங்களுக்கு மூலையில் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். டெலிபோன் லைன் வழியாக அது கிறீச்சிட்டுக் கத்த ஆரம்பித்தது. பெரியப்பா ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

"இன்னா சார் பயந்துக்கினே, லைன் கெடைக்கச் சொல்லோ அப்டிதான் கத்தும்" என்றார் சென்டர்காரர்.

முதலில் அத்தை பெயரில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் வந்தது. படிவம் என்றதும் பெரியப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காத தகப்பனார் பெயரையும் சொன்னார். நான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அமுக்கினேன். எஸ் எங்கே இருக்கிறது என்று நான் தேடும்போதெல்லாம் பின்னால் நின்றிருந்த அத்தையின் விரல் லேசாக அசையும். அவளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டைப்ரைட்டர் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்பதில் எங்கள் குடும்பம் உறுதியாக இருந்தது.

உங்களுக்கு எதிலெல்லாம் ஆர்வம், அதைப் பற்றிய கடிதங்கள் இலவசமாக அனுப்பலாமா என்று படிவம் கேட்டது. தோட்டக்கலை, மீன்பிடித்தல், கோல்ஃப், பனிச்சறுக்கு என்று நீளப் பட்டியல். "எல்லாத்துக்கும் டிக் அடி. அவாளா குடுக்கறதை வேண்டாம்னு சொல்லப்படாது" என்றார் பெரியப்பா. அடித்தேன். ரகசிய வார்த்தை கேட்டதும் குலதெய்வத்தின் பெயரை எழுத்துக்கூட்டி உரக்கச் சொன்னார். பக்கத்து நாற்காலிப் பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடிதம் எழுதும் பக்கம் திறந்து, பையனின் அப்பா போனில் சொன்ன ஈ-மெயில் விலாசத்தை மேலே அடித்து முடித்தபோது மணி நாலே கால். கடிதத்தின் முதல் எழுத்தை அமுக்கப் போனேன், பெரியப்பா கையைத் தடுத்தார். பிள்ளையார் சுழி போடாமல் எப்படி? நான் விசைப்பலகை முழுவதும் தேடினேன். நோட்டில் எழுதிய நூற்றுச் சொச்சம் விசைகளில் பிள்ளையாருக்கு ஒன்றுகூட இல்லை. சென்டர்காரரைக் கூப்பிட்டோம். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, வேண்டுமானால் மானிட்டர் மேல் சாக்பீசால் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"ரெண்டாம் நம்பரைப் போட்டு அது பக்கத்துல அடிக்கோடு போடு" என்றாள் அத்தை. போட்டேன். அச்சு அசலாக இல்லாவிட்டாலும் 'உ' மாதிரிதான் இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, போட்டுப் பார்த்து, பிள்ளையாரை ஏற்றுக்கொண்டார். அதற்குள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா, நாலரை. ராகு காலம் வந்துடுத்து."

ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதா என்று அப்பாவுக்கே யோசனைதான். "அமெரிக்காவுல இப்போ கார்த்தாலதானே? அங்க ராகு காலம் இல்லியே" என்றார்.

"அனுப்பற எடத்துக்குத்தான் பாக்கணும். அதுசரி, ஏம்ப்பா, இது போய்ச் சேர எத்தனை நாழியாகும்?"

"ஒடனே பூடும் சார்."

"பாத்தியா. வழியில கூட நாழி ஆகாது. அப்படியே ராகு காலத்தோட போய் எறங்கும்" என்று பெரியப்பா முடித்துவிட்டார்.

எழுந்தால் கம்ப்யூட்டரை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். அதனால் நானும் அத்தையும் இடத்தைக் காப்பது, அவர்கள் இருவரும் காபி சாப்பிட்டுவிட்டுக் கபாலி கோயிலுக்கும் போய்விட்டு ஆறு மணிக்கு வருவது என்று தீர்மானமாயிற்று. கடிதத் தாளை நான்காய் மடித்து அத்தையிடம் கொடுத்தார் பெரியப்பா. அத்தை கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் நின்றதும் அத்தை என்னைப் பார்த்தாள். "சித்த தள்ளிக்கோடி. பழகிப் பாக்கறேன்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து விரலையும் விசைகள்மேல் வைத்தாள். பிறகு அடிக்க ஆரம்பித்தாள். ஓட்டு வீட்டின்மேல் மழை பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்துப் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வகுப்புக்கே போகாதவள் இப்படி அடிக்கிறாளே என்று எனக்கு முதலில் பொறாமை, அப்புறம் பெருமை. திரையில் என்ன வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். மறுபடி அடித்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"இதை எப்படி அனுப்பறது?"

எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவழியாக ஒருவர் கேட்டுவிட்டார். மௌஸைப் பிடுங்கி, மேசை முடிவதற்குள் அம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்து, 'அனுப்பு' என்பதன்மேல் வைத்து அழுத்தினேன். தங்கள் கடிதம் அனுப்பப்பட்டது என்று வந்தது. அதற்குப் பிறகுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்து மணி ஐந்து நிமிடம். நட்ட நடு ராகு காலம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஒண்ணும் ஆகாதுடி. பழகறதுக்குத்தானே அடிச்சேன். ஆத்துல மட்டும் சொல்ல வேண்டாம்."

ஆறு மணிக்குப் பெரியப்பா விபூதியோடு வந்தார். ஒன்பது வரியையும் ஒற்றை விரலால் நானே அடித்தேன். பிள்ளையார் சுழியோடு, ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குச் சுபமாக அனுப்பினோம்.

அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்த்தோம். முதல் வாரம் பதினான்கு கடிதங்கள் வந்திருந்தன. பெரியப்பா கை குவித்தார். எல்லாம் தூண்டில், கோல்ஃப் மட்டை, பனிச்சறுக்குக் காலணி. பெரியப்பா விடாமல் ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னார், ஏதாவது ஒன்றின் அடியில் பையன் கையெழுத்து இருக்குமோ என்று. இரண்டாவது வாரம் அசோக் நகரிலிருந்து போன் வந்தது. அப்பா பேசிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"பையன் வேண்டாங்கறானாம். பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்கறானாம். ஆனா வேண்டாமாம். ஏண்டான்னு கேட்டா அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்கறானாம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியப்பா அந்த அடிக்கோட்டுப் பிள்ளையாரைக் குறை சொன்னார். யார் எதைச் சொன்னாலும் காரணம் எனக்குத் தெரியும். ஒரே கடிதம் இரண்டு தடவை போய், முதலாவது ராகு காலத்தில் போய் இறங்கி அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது. அழுத்தியது என் விரல். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, துணைக்கு அத்தையையே கூட்டிக்கொண்டு போனேன். காயை உடைத்துவிட்டுத் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை கோயில் வாசல் என்றும் பார்க்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "இன்னொரு காய் வாங்கிண்டு வாடி. எம்பேர்ல ஒண்ணு ஒடைக்கணும்" என்றாள். தோஷம் கழிக்கத்தான் என்று ஓடினேன். அவள் ஓங்கி எறிந்த காய் தெருக்கோடி வரை சிதறியது.

நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்த மந்தைவெளி மாடியில் மறுமாதமே அவளும் சேர்ந்தாள். செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதினாள். ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் உறையை முதலில் எடுத்தவள் அவள்தான். அடுத்த வரனுக்கு ஒழுங்காக ஈ-மெயில் போடத்தான் அத்தை கற்றுக்கொள்கிறாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் இன்னொரு விஷயத்தையும் சொல்லித்திரிந்தேன். ஆறு மணிக்குப் பெரியப்பா கடிதத்தைக் கேட்டபோது அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அது நான்காய் மடித்தது மடித்தபடியே இருந்தது. தாளைப் பிரிக்காமல், ஒருமுறைகூடப் பார்க்காமல், அரை மணி நேரம் விடாமல் அடித்திருக்கிறாளே, ஹையர் பாஸ் என்றால் சும்மாவா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.