கவிழ்த்துத் தேய்த்த சங்கு

சனிக்கிழமை மதியங்களில் அத்தை பள்ளிச் சிறுமிகள் எங்கள் ஐந்து பேரையும் கல்லூரியின் ஸ்பெசிமன் அறையில் வரைய விட்டுவிட்டு, வெளியே நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்துவாள். அவள் அங்கே விலங்கியல் டீச்சர். "பாத்தத பாத்தபடி வரைங்க, அழகா வரையாண்டாம்" என்பதுதான் அவள் சொன்ன ஒரே பாடம். அதற்குமேல் சொல்லித்தர அவளுக்குப் பொறுமை கிடையாது.

எனக்கு அந்த அறை என்றால் பயம். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். பெரிய ஜாடிக்குள் ஒரு கடற்பசுக் குட்டி, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய லாரி தெருவில் போனால் அது லேசாகத் திரும்பும். லாரி அதிர்வுதான் என்றாள் அத்தை. லாரி போகாதபோதும் திரும்பியதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அறைக்கு நண்டும் சிப்பியும் கொண்டுவருபவர், கடலில் முங்கிச் சங்கெடுக்கும் ஒரு சங்குகுளி மாமா. வலையில் ஏறிய சில்லறை நண்டு, சிப்பி, சங்குகளை மீன்காரர்களிடம் சாக்கோடு வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் வாசலில் கொட்டிவிட்டுப் போவார்.

அப்படி வந்த ஒரு சங்கைத்தான் நான் வரைந்தேன். மெல்லிய தாளில் வரைந்து அட்டைக்கு மாற்ற வேண்டும். தாளின் முதுகில் பென்சிலைத் தேய்த்து, முன்பக்கக் கோடுகளின்மேல் மறுபடி அழுத்தி வரைவது முறை. நானோ சோம்பேறி. வரைந்த பக்கத்தையே அட்டையில் கவிழ்த்து, முதுகைக் கரண்டியால் தேய்த்துவிட்டேன். கோடு பிசகாமல் பதிந்தது. அத்தை அதைச் சரியாகப் பார்க்காமலே வாசல் சுவரில் ஒட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அலமாரிச் சங்குகள் எல்லாம் தரையில் கிடந்தன. ஒன்றும் உடையவில்லை, குறையவும் இல்லை. வரிசையாக, வாய் மேலே பார்க்க, ஏதோ சொல்ல வருவதுபோல் கிடந்தன. நடுவே மணல் காய்ந்த பாதத் தடங்கள். ஜன்னல் கம்பி ஒன்று வளைந்திருந்தது. கடலில் போனவர்கள் தங்கள் சங்கைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி என் காதில் கிசுகிசுத்தாள். நான் நம்பினேன். கடற்பசுக் குட்டி அன்றைக்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சுவரில் என் படத்தை மட்டும் காணவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி மதிலோரம் மாமா நின்றார். கண்கள் சிவந்திருந்தன. மடியிலிருந்து என் படத்தை எடுத்து விரித்தார்.

"ஏளா, இது நீ வரைஞ்சதுதான?"

தலையாட்டினேன்.

"நான் கொண்டாந்த சங்கத்தான? கண்ணால பாத்தபடியா?"

என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று ரோஷம் வந்தது. "பாத்தது பாத்தபடிதான், மாமா."

படத்தை நான்காக மடித்தார். "அப்ப டீச்சர்தான் மாத்திட்டாவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் ஒரு நண்டுகூடக் கொண்டுவரவில்லை. கடலுக்கும் போவதில்லை என்றார்கள். சனிக்கிழமைதோறும் கல்லூரி கேட்டுக்கு எதிரே நின்று அத்தையின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன வேணும் அண்ணாச்சி?" என்று அவள் கேட்டால், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அத்தை எங்கள் வரைதலை நிறுத்தினாள்.

பல வருடம் கழித்து நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை அட்டைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய சோம்பேறித்தனம், கவிழ்த்துத் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால் தூத்துக்குடிக்குக் கடல் மேற்கே இருந்தது. சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினேன். சுழி எதிர்ப்பக்கம் திரும்பிய வலம்புரிச் சங்கு லட்சத்தில் ஒன்று. கிடைத்தவன் குடும்பமே கரையேறிவிடும். சாக்கோடு கொட்டிய ஒரு சாதாரண இடம்புரியை, ஒரு கரண்டியால் நான் அவருக்கு வலம்புரியாக்கிக் காட்டியிருந்தேன்.

மாமா அப்போது உயிரோடு இல்லை. அன்று அந்த மதிலோரத்தில் "கவுத்துத் தேய்ச்சேன் மாமா" என்று சொல்லியிருந்தாலே போதும். அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது பயமெல்லாம் அந்தக் கடற்பசுக் குட்டியிடம்தான்.