எந்தக் கட்டத்தில் ‘அவன்’?

பேனாவை மையில் தோய்க்கும் முன் வசனத்தை ஒருதரம் நடித்துப் பார்த்துவிடுவார் அக்கா. அலறல் என்றால் சத்தமில்லாமல் வாய் பிளக்கும். மிரட்டல் என்றால் ஒற்றைப் புருவம் ஏறும். அதன் பிறகுதான் படக்கதையின் பேச்சுக் குமிழுக்குள் எழுத்து இறங்கும். எதிர் மேஜையில் பிழை திருத்தும் எனக்கு முதல் வாரம் பயமாகவே இருந்தது. “என்னப்பா மிரள்ற? நான் திட்டல, இந்தாளு திட்டுறாரு” என்று தாளைக் காட்டினார்.

எங்கள் பத்திரிகையில் எழுத்து இன்னும் கைவேலைதான். ஆங்கில சாகசக் கதையைத் தமிழாக்குவது, எழுதுவது இரண்டும் அக்கா. குமிழ் சின்னது, நம் சொற்கள் நீளம். “‘காப்பாற்றுங்கள்’னு எழுதி முடிக்கிறதுக்குள்ள விழுந்து செத்துருவான்” என்பார், “ஐயோ” என்று எழுதிவிடுவார். டீயை இடக்கையால்தான் குடிப்பார். வலக்கை எழுதுவதற்கு மட்டும்.

அவருக்குப் பிடித்த வில்லன் துருக்கையன். தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். இத்தனை வருஷமாக அவனுக்கென்று அக்கா எழுதியது சிரிப்பும் சாபமும் மட்டுமே. இந்த இதழ் முழுக்க அவன் கதை. முகமூடி நாயகன் வான்காவலன் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறார். துருக்கையன் முன்பு பாலப் பொறியாளர். பாலம் இற்றுவிட்டது, மூடுங்கள் என்று மழையில் நின்றபடி மேலதிகாரிக்கு போன் செய்கிறார். யாரும் மூடவில்லை. பாலம் விழுகிறது. பழி அவர் தலையில் விழுகிறது. எழுதும்போதே என் கையும் ‘அவர்’ என்று மாறிவிட்டது, பாருங்கள்.

நேற்று மதியம் ஆசிரியர் பக்கங்களோடு வந்து நின்றார்.

“என்னம்மா இது? பக்கத்துக்குப் பக்கம் ‘வந்தார்’, ‘நின்றார்’. வில்லனுக்கு என்ன மரியாதை?”

“ஆரம்பத்துல அவரு இன்ஜினியர் சார். ஊரே சார்னுதான கூப்பிடுது?”

“சரி, எந்தக் கட்டத்துல ‘அவன்’ ஆகுறான்? சாயங்காலம் அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள மாத்தும்மா. இல்லன்னா முதல் பக்கத்துலேருந்தே நான் ‘அவன்’னு போட்டுருவேன். இனிமே அவன் கதை உன் மேஜைக்கு வராது.”

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை, நாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே சொல். நம்மிடம் ‘ர்’ எங்கே ‘ன்’ ஆகிறது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நான் இதுவரை வாக்கியத்தின் தலையும் வாலும் ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். யாருக்கு எது, அதைக் கொடுத்தது யார் என்று கேட்டதில்லை. என் அப்பா வேலை பார்க்கும் கடையில் முதலாளியின் மகனுக்கு என் வயதுதான். அப்பாவை ‘வா, போ’ என்பான்.

“முகமூடி போடுற பக்கத்துலேருந்து மாத்தலாமாக்கா?” என்றேன்.

“முகமூடி போட்டா மரியாதை போயிருமா? அப்ப வான்காவலன்?”

“விளக்குக் கம்பத்த சாய்க்கிற பக்கம்?”

“கோவம்ப்பா அது. உனக்கு வராதா?”

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். புருவம் ஏறவில்லை, வாய் அசையவில்லை. கடைசியில் மழைக் காட்சியில் நின்றார். பொறியாளர் போனில் கெஞ்சுகிறார். அடுத்த கட்டத்தில் கதகதப்பான அறை, மெத்தை நாற்காலி, ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்த ஒரு கை. அதன் அடியில் அக்காவின் எழுத்து: ‘மேலதிகாரி சிரித்தார்.’

பிளேடை எடுத்தார். கடைசி எழுத்தை மட்டும் சுரண்டி, பொடியை ஊதிவிட்டு, அந்த இடத்தில் ‘ன்’ என்று எழுதினார்.

“மாத்தியாச்சாம்மா?” உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“ஆச்சு சார்” என்றார் அக்கா. மற்ற பக்கங்களைத் தொடாமல் அப்படியே அடுக்கி, மைப்புட்டியின் மூடியைத் திருகினார்.