ஆற்றில் இறங்க நல்ல மாதம்

எல்லாம் தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. ஏதோ ஒரு மலைதேசத்து ஆற்றில், தொடையளவு தண்ணீரில் ஓர் அம்மாள் நின்றுகொண்டு நீளமான தூண்டில் கோலை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். நூல் காற்றில் எழுதி எழுதி அழித்தது. நுனியில் இறகு கட்டிச் செய்த பொய்ப் பூச்சி.

“ஏங்க, புழு இல்லாம மீனு புடிக்கிறாங்க பாருங்க,” என்றாள் என் மனைவி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, கெடிலம் ஆற்றில் புழு கோத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவள். “ஊட்டிப் பக்கமும் இப்படிப் புடிக்கிற மீனு இருக்குதாம். போலாமா?”

“போலாமே,” என்றது வாய். வயிற்றைக் கேட்காமல் சொன்ன பதில் அது.

எனக்கு வேலை நெய்வேலிச் சுரங்கத்தில், பம்ப் பிரிவில். நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. விட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். அதை இராப்பகலாக உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆக, தண்ணீருக்கும் எனக்கும் உள்ள உறவு திருடனுக்கும் போலீஸ்காரனுக்கும் உள்ளது. நீச்சலும் தெரியாது. கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் என் முழங்கால்கள் ராஜினாமா எழுதிவிடும்.

இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? பருவங்களைத் துணைக்கு அழைத்தேன். சித்திரையில் கேட்டாள். “தண்ணி வத்தி சூடாயிருக்கும், மீனு கடிக்காது.” ஆடியில் கேட்டாள். “அங்க மழை. ஆளையே அடிச்சிக்கினு போயிடும்.” ஐப்பசியில், “இங்க மழை, மைன்ஸ்ல லீவு கிடைக்காது.” சொன்னவற்றில் இது ஒன்றுதான் முழு உண்மை. மார்கழியில் உறைபனியையும் என் மூட்டு வலியையும் சேர்த்துக் காட்டினேன்.

சாக்குத் தேடி செல்போனில் படிக்கப் போய், நான் வசமாக மாட்டிக்கொண்டேன். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் கிடக்கும் ஒரு பூச்சி, ஒருநாள் நீர்மேல் வந்து இறக்கை விரித்துப் பறந்து, அன்றோ மறுநாளோ செத்துப்போகிறதாம். எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி எழும் என்று மீனுக்குத் தெரியுமாம். யாரும் சங்கு ஊதாமல், கையெழுத்துப் போடாமல், எந்தக் காலத்திலிருந்தோ ஆற்றுக்கடியில் ஒரு ஷிஃப்ட் பிசகாமல் மாறிக்கொண்டிருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு படித்தேன். படித்து முடித்ததும் பழையபடி பயந்தேன்.

அவளோ கோல் வரவழைத்து, குவார்ட்டர்ஸ் வாசலில் வீசிப் பழகினாள். நூல் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டியது. அந்த வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“ஃப்ளை ஃபிஷிங்,” என்றேன், பெருமையாக.

“ஃப்ளைன்னா ஈ தானே? அண்ணி மீனு புடிப்பாங்க, நீங்க ஈ ஓட்டுவீங்களா?”

மாசி பிறந்ததும் அவள் கேட்கவில்லை, சொன்னாள். “மீனு புடிக்க பெர்மிட்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சி. நானும் தங்கச்சியும் போறோம். நீங்க வூட்டப் பாத்துக்குங்க.”

குரலில் கோபமே இல்லை. சுரங்கத்தில் பம்ப் சத்தம் நின்றால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு.

“உன் தங்கச்சிக்கு இந்த மீனைப் பத்தி இன்னா தெரியும்?”

“உங்களுக்கு எல்லாம் தெரியுது. இறங்கத்தான் தெரியல.”

ஆக, அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அவள் தங்கச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி, துணைக்குப் போகும் இடத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

ஊட்டி மலையில் ஆறு சோலைக்காட்டுக்குள்ளிருந்து வந்தது. அத்தனை தெளிவான தண்ணீரை நான் பார்த்ததில்லை. கூழாங்கற்களின் மேல் வெயில் வலை வலையாக நெளிந்தது. அவள் இறங்கினாள். நான் கை வலையோடு கரையில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். மரத்துக்குத் துணையாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி நீரில் உட்கார்ந்தது. அடியில் நிழலென்று நான் நினைத்திருந்தது திரும்பி, எழுந்து, அதை விழுங்கியது. கோல் வில்லாக வளைந்தது.

“வலை! வலையக் கொண்டாங்க!”

“தூக்கிப் போடட்டுமா?”

“ஐயோ, ஆளு வேணும்யா!”

அவள் என்னை ‘யா’ போட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. இறங்கினேன். குளிர் எலும்பைப் பிடித்தது. பற்கள் தந்தியடித்தன, எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேனோ தெரியாது. முழங்காலைத் தொட்ட தண்ணீர் என்னைத் தூக்கவில்லை. இருபுறமும் பிரிந்து தன் வழியே போனது.

வலைக்குள் மீன். பக்கமெல்லாம் கரும்புள்ளி, நடுவே ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. மூச்சுவிட மறந்து பார்த்தோம். அவள் கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளை எடுத்து, மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தாள். ஒரு கணம் நின்று, பிறகு இல்லாமல் போனது.

“கரைக்குப் போறீங்களா?” என்றாள்.

“கால் வரமாட்டேங்குது,” என்றேன். அதில் பாதிக்குத்தான் பயம் காரணம்.

அவள் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நூலை வீசினாள்.