கிலோக் கணக்கில் தபால்தலை

தபால்தலைத் தொழிலில் முக்கால்வாசி வேலை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான். இப்போதும் முன்னால் ஒரு நீலப் பேசின் இருக்கிறது. பழைய கவர்களில் இருந்து வெட்டிய தாள் துண்டுகள் அதில் ஊறுகின்றன. அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்துவிடும். விரலை உள்ளே விட்டு லேசாக அசைத்துக்கொண்டே இருந்தால், பசை இளகி, தலை தானாக நழுவி வரும். ஒன்றில் மீன்கொத்தி வரும், ஒன்றில் கப்பல் வரும், ஒன்றில் யாரோ ஒரு ராசா மீசை நனையாமல் எழுந்து வருவார். நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதில் இரண்டு வரி எழுதுகிறேன். தாள் ஈரமாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆள் முகம் பார்த்துப் பேசவும் வராது. சங்கரன்கோவில் ரத வீதியில் வீட்டுக்காரரின் அக்கா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார்கள். நான் மதினி என்று கூப்பிடுவேன். கடையின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கடைக்கு வருகிற பிள்ளைகள் தபால்தலை கேட்டதால், மதினி மொத்தமாக வாங்கிப் போட, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பாக்கெட் போட ஆரம்பித்தேன். வீட்டில் இருந்தபடி சரக்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிற அக்கா தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், நான் பட்டதில் பாதியாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சித்திரையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் தபால்தலைச் சங்கம் தொடங்கப் போகிறாராம். அறுபது செட் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஆல்பம், நூறு தலை, ஆல்பத்தில் ஒட்டுகிற பசைத்தாள், ஓர் இடுக்கி. பிள்ளைகள் வாங்குகிற விலையில் இருக்க வேண்டும். பிடித்துப்போனால் வருசாவருசம் எங்களிடம்தான் என்றார். வீட்டுக்காரர் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்கிறார். “இந்த ஆர்டர் நிலைச்சா இதையே பாரு. நிலைக்கலன்னா ஷெட்டுல தார் சுத்த ஆள் கேக்காவ, அங்கன போயிரு” என்றார். நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் சுற்றியவள்தான். ஆனால் அந்த இரைச்சலில் மனசுக்குள் ஒன்றையும் நினைக்க முடியாது. இங்கே தண்ணீர் இருக்கிறது. எனக்கு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று இருந்தது.

மூட்டை வந்த அன்று

சில்லறையாக ஒவ்வொரு தலையாக வாங்கினால் கட்டுப்படியாகாது. வெட்டிய கவர்த் துண்டோடு சேர்த்துக் கிலோக் கணக்கில் வாங்கினால்தான் மலிவு. அப்படிப் பல நாட்டுத் தலைகளும் கலந்த ஐந்து கிலோ மூட்டை சென்னையில் இருந்து பார்சல் ஆபீசுக்கு வந்தது. மதினி கடையில் இருந்ததால் நான் போனேன். மூட்டையின் ஒரு மூலை கிழிந்து துண்டுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கணக்கு எழுதுகிற அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, “என்னம்மா இது, யார் வீட்டு லெட்டரு?” என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “பழைய ஸ்டாம்பு. தண்ணில ஊறப்போட்டு உரிச்சு எடுப்போம்” என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோலக் குரலை இறக்கினார். “கைப்பிள்ளக்காரியா இருக்க, சொல்லுதேன் கேளு. சீல் அடிச்ச ஸ்டாம்பக் கழுவித் திரும்ப ஒட்டுனா உள்ள புடிச்சுப் போட்டுருவான். யாரு தாயி உனக்கு இதச் சொல்லிக்குடுத்தா?”

சிவப்புக் கவர்

முதல் நாள் ஆசையில் எல்லாத் துண்டுகளையும் ஒரே பேசினில் கொட்டிவிட்டேன். அதில் கல்யாணப் பத்திரிகை அனுப்பிய சிவப்புக் கவர்களும் இருந்திருக்கின்றன. நான் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் முழுவதும் ரோஸ் மில்க் ஆகிவிட்டது. வெள்ளைக் கொக்கு ரோஸ் கலரில் நின்றது. பனிமலைக்கு மருதாணி வைத்ததுபோல இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஆர்டர் நினைவுக்கு வந்தது.

ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரர் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். அடுக்களைக்குப் போய் ஒரு கை கல் உப்பு எடுத்து வந்து வேறொரு பேசினில் போட்டுக் கலக்கினார். சிவப்பையெல்லாம் தனியே எடுக்கச் சொன்னார். மிச்சத்தை உப்புத் தண்ணீரில் போட்டோம். சாயம் அதற்கு மேல் பரவவில்லை. தறிக்காரருக்கு நூலும் தாளும் ஒன்றுதான் போல. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சேலைக்குச் சாயம் போனா வாங்குனவ சண்டைக்கு வருவா. உன் ராசாவுக்குச் சாயம் போனா யாரு வருவா, அவரே வருவாரா?”

மாடியில்

வைகாசி கடைசியில் மேல்காற்று தொடங்கிவிடும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதது இல்லை. இருந்தும் மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்து, ஒவ்வொரு தலையாகக் குப்புறக் காயவைத்தேன். பாப்பா என் மடியில் இருந்தாள். வரிசை வரிசையாக அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கண் சொக்கியது. இந்தக் கடிதாசிகளையெல்லாம் யார் யாருக்கு எழுதியிருப்பார்கள், அவர்கள் பதில் போட்டிருப்பார்களா என்று எங்கேயோ போய்விட்டேன்.

ஒரே ஒரு வீச்சு. சேலையின் ஒரு முனை தூக்கியதும் பத்துப் பதினைந்து தேசம் ஒன்றாக எழுந்து பறந்தன. கோபுரம் இருக்கிற பக்கமாகப் போய், சுற்றி, தெருவில் இறங்கின. கத்திக் கூப்பிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பாப்பா கைதட்டினாள். சாயங்காலம் வரைக்கும் தெருவில் உள்ளவர்கள் ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா தன் மாடியில் இருந்து எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, எங்க வீட்டுக் கூழ்வடகத்துல உன் ராணி ஒருத்தி ஒட்டிக்கிட்டுக் கெடக்கா. பிய்ச்சு எடுக்கவா, இல்ல அப்படியே பொரிச்சுரவா?”

இடுக்கி

தபால்தலைக்கென்றே வாய் தட்டையான இடுக்கி விற்கிறார்கள். அறுபது வாங்கினால் ஆல்பத்தை விட அதற்குத்தான் விலை ஆகும். மதினிக்கு ஒரு யோசனை. புருவம் பிடுங்குகிற இடுக்கி அவர்களுக்குப் பெட்டிக் கணக்கில் மலிவாக வரும். ஆனால் அதன் நுனி கூர். தாளில் பல் பதிந்துவிடும். நான் துணி துவைக்கிற கல்லில் ஒவ்வொன்றாக உரசி மழுக்கினேன். மூன்று நாள் கல்லடியிலேயே கிடந்தேன். உரசுகிற சத்தத்துக்குப் பாப்பா நன்றாகத் தூங்கினாள்.

மழுக்கிய பெட்டியை மதினி தெரியாமல் கடையில் எடுத்து வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அதில் ஒன்றை வாங்கிப்போன பெண் வந்து கண்ணாடி முன்னால் நின்று, புருவத்தில் வைத்து இழுத்துக் காட்டினாள். ஒரு முடிகூட வரவில்லை. நான் திரைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “என்னக்கா இது, புடுங்கச் சொன்னா தடவிக் குடுக்குது.”

சேலைக் கவர்

நான் செய்த பெரிய தப்பு இது. எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் சேலைக் கவரில்தான் போட்டு வைப்போம். ரேஷன் கார்டு, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, எல்லாம் அதில்தான். ஜவுளிக்காரர்களிடம் பிளாஸ்டிக் கவர் எடைக்குக் கிடைக்கும். அதை வாங்கிச் சின்னதாக வெட்டி, மெழுகுவர்த்தியில் ஓரத்தைக் காட்டி ஒட்டி, தலைகளை உள்ளே போட்டேன். அறுபது செட்டும் கண்ணாடிபோல மின்னின. பின்வாசல் தகரச் சாய்ப்புக்குக் கீழே அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் பாப்பா ஒரு கவரை இழுத்துப் போட்டாள். எடுத்துப் பார்த்தால் தலைகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரியாகக் காயாமல் போட்டதில், வெக்கையில் உள்ளுக்குள்ளேயே வேர்த்திருக்கிறது. அறுபதையும் பிரித்தேன். பாதிக்குப் பாதி அப்படித்தான். எல்லாவற்றையும் கத்தரித்துப் பிளாஸ்டிக்கோடு தண்ணீரில் போட்டுவிட்டு, பேசின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தறி ஷெட்டின் சத்தம் காதுக்குள் கேட்க ஆரம்பித்தது.

இதற்கு உள்ளே வேர்க்காத வெண்ணெய்த்தாள் கவர்தான் சரி. மதுரையில் ஒரு மொத்த வியாபாரியிடம் இருக்கிறது என்று தெரியும். அவரிடம் பேசுவது எப்போதும் மதினிதான். அன்றைக்குப் பார்த்து ராயகிரியில் ஒரு சாவு என்று துட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போனை எடுக்கவில்லை. என்ன பேச வேண்டும் என்று பேசினைப் பார்த்து நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மதுரைக்கு நானே போன் போட்டேன். ஆர்டர் இன்னும் போகவில்லை, செட்டுக்கு ஐந்தாக முந்நூறு கவர் போதும், இரண்டு நாளில் வேண்டும் என்றேன். ஆயிரம் எடுத்தால்தான் மொத்த விலை, இல்லாவிட்டால் சில்லறை விலைதான் என்றார். சில்லறை விலைக்கு வாங்கினால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, “ஆயிரமே அனுப்புங்க. மிச்சம் அடுத்த வருச ஆர்டருக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்துவிட்டார். “இந்த வருஷ ஆர்டரே இன்னும் போய்ச் சேரலைங்கிறீங்க, அடுத்த வருஷத்துக்கு இப்பவே கவர் கேக்குறீங்க. இந்த வாய்க்காகவே இன்னைக்கே பஸ்ஸுல போட்டு விடுறேம்மா.”

புளியங்குடி

கவர் வந்தது. கழுவி, காயவைத்து, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றி அழுத்தி, மறுபடி எண்ணிப் போட்டேன். ஒட்டிக் கிழிந்தவற்றை எடுத்துப் போட்டதில் ஒன்பது செட்டில் நூறு வரவில்லை. எட்டு, பத்து என்று குறைந்தது. வேறு மூட்டை வாங்க நேரம் இல்லை. மதினியும் வந்து சேரவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பைகளோடு பஸ் ஏறினேன். முன்னால் இருந்தவர் காலடியில் எலுமிச்சை மூட்டை இருந்தது. வழி முழுக்க அந்த வாசம். அப்படியே கண்ணை மூடி, எங்கேயும் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

டீச்சர் என் வயசுக்காரர்தான். ஒரு கவரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெண்ணெய்த்தாளுக்குள் கப்பல், மூடுபனியில் வருவதுபோலத் தெரிந்தது. இன்னொரு கவரை எடுத்தார். அதுவும் நன்றாக இருந்தது. பில்லில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பேசாமல் இருந்தால் முடிந்தது. பாப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “டீச்சர், மொதல்ல பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டிக்கிட்டுது. திருப்பிச் செஞ்சேன். ஒம்பது செட்டுல நூறு இல்ல. அதத் தனியா நூல் கட்டி வச்சிருக்கேன். வேண்டாம்னா அத எடுத்துக்கிட்டுப் போயிருதேன்.”

அவர் பேனாவை மூடினார். நூல் கட்டிய ஒன்பதையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மற்ற செட்டுகளோடு சேர்த்து அடுக்கினார். பிறகு பேனாவை மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார். “கொறையுதுன்னு நீங்களாச் சொல்லாட்டா நான் எண்ணிப் பாத்திருக்கவே மாட்டேன். கொறையுறத ஒரு மாசத்துல கொண்டாந்து தாங்க. அடுத்த வருசமும் நான் எண்ண மாட்டேன், நீங்களே கொண்டு வாங்க.”

வீட்டுக்காரர் தறி ஷெட்டில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மதினி துட்டி வீட்டில் இருந்து வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, இனிமேல் மதுரைக்கு நீயே பேசு என்று போனை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். எல்லாம் சரிதான். இப்போது கட்டிலுக்கு அடியில் மிச்சக் கவர், பீரோ மேல் ஆல்பக் கட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் புது மூட்டை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள், அந்த மொத்தத்தையும் இறக்கிய பிறகு வீட்டில் மூன்று பேர் எங்கே கால் நீட்டுவது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை, அதற்கு நான் கண்டுபிடித்த வழி என்னவென்றால், இந்தா, கடையில் இருந்து மதினி கூப்பிடுதாவ, மேலநீலிதநல்லூரில் இருந்து ஒரு சார் மொத்தமாகச் சாமான் வேண்டும் என்று வந்து நிக்காராம், என்னையே வந்து பேசச் சொல்லி