கிண்ணத்துத் தண்ணீர்

நஸ்ராவுக்கு வயிறு எரிந்தது. பத்து நாளாக இதே எரிச்சல்தான்.

அரபு ஊரான நிஸ்வாவை ஒட்டிய அவர்கள் தெருவில் பெண்கள் தினமும் காலையில் ஒரு வீட்டில் கூடிக் காபி குடிப்பார்கள். முறை வைத்து வீடு மாறும் என்று பேர்தான். எல்லாரும் நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தது நஸ்ராவின் முறைக்கு. தகப்பனார் அவள் பெயருக்கு எழுதிவைத்த பதினேழு பேரீச்ச மரங்களும் குனேசி ரகம். வாயில் வைத்தால் கரையும், விரலெல்லாம் பாகு வழியும்.

இப்போது கூட்டம் மொத்தமும் அதே தெரு ஷம்ஸா வீட்டில். அவளிடம் இருப்பதோ ஃபர்த்: கறுத்து, தோல் தடித்த பழம். எல்லாம் ஸுவைனா செய்த வேலை. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவள் சர்க்கரை பார்க்கும் மெஷினும் கையுமாகத் திரிகிறாள். நஸ்ரா வீட்டில் பழம் தின்று விரலைக் குத்திப் பார்த்தபோது 262. ஷம்ஸா வீட்டில் 171. பழத்துக்குப் பழம் சர்க்கரை ஏறுவது மாறும், ஆளுக்கு ஆளும் மாறும், எதுவானாலும் மூன்றோடு நிறுத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஸுவைனா முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, குனேசிதான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். ஷம்ஸா தலை கால் தெரியாமல் ஆடினாள். அல்லது நஸ்ராவின் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது.

பதினோராம் நாள் ஒரு டப்பா குனேசியோடு நஸ்ரா அங்கே போய் உட்கார்ந்தாள்.

"என்ன அக்கா, எங்க வீட்டுக்கே பழம் கொண்டாந்திருக்கீங்க?" என்றாள் ஷம்ஸா.

"உங்க வீட்டுப் பழத்தை மெல்ல எனக்குப் பல்லு வேணுமே! ஸுவைனா, என் மேல ஆணை, மூணு எடு. அப்புறம் குத்திப் பாரு. உன் மெஷின் லட்சணத்தை நானும் பார்க்கிறேன்."

ஸுவைனா தின்றாள். எல்லாரும் தின்றார்கள். வழக்கம்போல நடுவில் இருந்த ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு காபிக்குப் போனார்கள். பேச்சு ஓய்ந்து சாம்பிராணிப் புகை சுற்றி வந்ததும் ஸுவைனா மெஷினை எடுத்தாள். "கை சுத்தமா இருக்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்கா" என்று மறுபடி கிண்ணத்தில் விரலை விட்டு, முந்தானையில் துடைத்துக் குத்தினாள்.

258.

ஷம்ஸா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டு காபிக் குடுவையைத் திருகினாள். நஸ்ராவின் கண் கிண்ணத்தில் நின்றது. எட்டுப் பேர் விரல் கழுவிய தண்ணீர் பழுப்பேறிக் கிடந்தது. தொட்டு நக்கினாள். சர்பத்!

"அடிப் பாவி! பாகுத் தண்ணியில கையை விட்டுட்டு ரத்தத்துல சர்க்கரைங்கிற! ஃபர்த்துல பாகு வடியாது, அதான் இங்க தப்பிச்ச. எழுந்திரு!"

ஸுவைனாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கூடவே தன் கையையும் கழுவிக்கொண்டாள். இந்தத் தடவை 174.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நாளைக்கு நஸ்ரா வீட்டுலதான்!" என்று இரண்டு பேர் உடனே கட்சி மாறினார்கள். ஷம்ஸாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க நஸ்ராவுக்குத் தித்தித்தது. போதாதென்று தன் விரலையும் நீட்டினாள்.

"எனக்கும் குத்துடி. வருஷம் முழுக்கக் குனேசியே திங்கிறவ உடம்பு எப்படி இருக்குன்னு இவளுங்க பார்க்கட்டும்."

ஸுவைனா குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். "ஸ்ட்ரிப் சரியில்ல போல" என்று முணுமுணுத்து, வேறொன்று மாட்டி மறுபடி குத்தினாள்.

"எவ்வளவு? வாயைத் திறந்து சொல்லு."

"முன்னூத்திப் பன்னெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன் அக்கா" என்றாள் ஷம்ஸா. பிறகு நஸ்ராவின் முன்னால் இருந்த தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள். குனேசியோடு ஃபர்த்தும் போயிற்று.

எந்த வீட்டிலும் நஸ்ராவின் முன்னாலிருந்து தட்டை எடுத்தவர் கிடையாது. அவள் ஸுவைனாவைப் பார்த்தாள். அந்த நூற்று எழுபத்து நாலின் மேல் நஸ்ராவுக்குத் தாங்க முடியாத பொறாமை வந்தது.