ஒன்பதாம் பாரத்தில் விட்ட பிள்ளை

ராயபுரத்தில் நான் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அச்சகத்திலிருந்து பெரிய தாளாக வருவதை மடித்தால் பதினாறு பக்கம், அதுதான் பாரம். மடிக்கும் வேலையை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பேன். தண்டையார்ப்பேட்டை ரஹீமுன்னிசா பல வருடமாக மடிக்கிறாள். மடிக்கிறவள் மடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இவள் படிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈழத்து இனப்படுகொலை பற்றிய புத்தகங்கள் நிறைய வந்தன. முதலில் செத்தவர்களின் பெயரும் ஊருமாக மெல்லிய வெளியீடுகள். அப்புறம் தப்பி வந்தவர்களின் சாட்சியங்கள். எல்லாவற்றையும் அழுதுகொண்டே மடித்தாள். திட்டினால், "கண்ணு இன்னா கொழாயா அண்ணே, மூடி வெக்கிறதுக்கு?" என்பாள்.

போன மாதம், கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருக்கும் தவமலர் எழுதிய புத்தகம் வந்தது. ஷெல் விழும் சாலையில், காயம்பட்ட நாலு வயது மகனைக் கிடத்திவிட்டுத் தாய் ஓடுகிறாள். ஒன்பதாம் பாரம் அதோடு முடிகிறது. பத்தாவது, வியாசர்பாடியில் மடிக்கிற குப்பம்மா வீட்டுக்குப் போயிருந்தது. ரஹீமுன்னிசா வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்து நின்றாள்.

"அந்தப் புள்ள இன்னா ஆச்சு அண்ணே?"

"எனக்கு இன்னா தெரியும்? பேஜாரு பண்ணாம போம்மா."

வேகாத வெயிலில் வியாசர்பாடி போய்ப் படித்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள். தாய் திரும்பி ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டாளாம், அவன் பிழைத்துக்கொண்டானாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

புத்தகம் எடுக்க தவமலர் வந்த அன்று ரஹீமுன்னிசாவும் கடையில் இருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு இப்ப இருவது வயசு இருக்குமே! இன்னாம்மா பண்றான்?"

தவமலர், "அக்கா, இது நாவல்" என்றாள்.

அட்டை கடைசியில்தான் ஏறும். நாவல் என்று அதில் போட்டிருந்ததை மடிக்கிறவள் எங்கே பார்த்தாள்? இதையும் சாட்சியம் என்றே நம்பிவிட்டாள்.

"அப்ப நெசத்துல?"

"உண்மையில நான் திரும்பி ஓடேல்ல. அவன் என்ர மகன் அக்கா. எழுதேக்க மட்டும்தான் தூக்க ஏலுமாயிருந்தது."

"யா அல்லா!" ரஹீமுன்னிசா அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்க வயித்துல பால வார்த்துட்டியே, உன் வயித்துக்கு யாரும்மா வார்ப்பாங்க?"