'ஏட்டி' என்று எழுதிய விரல்

ஆன்லைன் தையல் வகுப்பில்தான் ஜெனி எனக்குப் பழக்கமானாள். நான் தக்கலை, அவள் நாகர்கோவில். ஜாக்கெட் கையை நான் இடவலம் மாற்றித் தைத்துப் படம் அனுப்பினால், தானும் அப்படியே தைத்து வைத்திருப்பதை அவள் படம் எடுத்து அனுப்புவாள். வாட்ஸப்பில் எழுத்தில்தான் எல்லாப் பேச்சும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை விளிக்கும் சொல் 'ஏட்டி'; என் வாய்க்குச் சேக்காளிகள், தோழிகள் எல்லாரும் 'ஏட்டி'தான். அவளையும் அப்படியே எழுதினேன்.

ஒரு மத்தியானம் முதல்முறையாகக் குரல் பதிவு அனுப்பினாள். ஆண்குரல் மாதிரி கட்டையாக இருந்தது.

"ஏட்டி, பயந்துராத. நான் திருநங்கையாக்கும். இனியும் மறைக்க மனசு வரல்ல."

பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கை பக்கத்தில் உட்கார்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறவள் நான். ஏமாற்றிவிட்டாளே என்று கோபம் வந்தது. பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளிப் படித்தேன். பொய் ஒன்றுகூட இல்லை. என்னோடு சேர்ந்து தையலைப் பிரித்த ஒருத்திதான் அதில் இருந்தாள்.

அடுத்த பதிவு வந்தது.

"பேசப் பிடிக்கலைன்னா வேண்டாம் மக்கா. எங்க வீட்டுல இப்பவும் பயலுவள விளிக்க மாதிரி 'ஏலே'ன்னுதான் விளிப்பாவ. 'ஏட்டி'ன்னு என்னை மொதல்ல விளிச்சது நீதான். அதைச் சொல்லணும்னு தோணிச்சு."

அதுவரை யோசிக்காமல் எழுதிய சொல். இப்போது விரல் தயங்கியது. தயங்கியதற்காக வெட்கப்பட்டேன். பிறகு, தெரிந்தே எழுதினேன்:

"ஏட்டி, கை தைச்சு முடிச்சியா?"